நிழலைப் படம் பிடித்தல்

ஒரகடத்துக்கு அருகேயுள்ள சேரப்பணஞ்சேரியில், கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையோரத்தில், காலை ஏழு மணி வெயிலில் கம்பிவேலியின் சாய்சதுரங்கள் மண்தரையில் நீண்டு கிடக்கும் கோலத்தை, தொழிற்சாலை ஷிஃப்டுக்கு விரைகிறவர்கள் மிதித்துக்கொண்டு போகிறார்களே ஒழிய, அதை ஒரு சித்திரமாக நின்று பார்ப்பவர் அபூர்வம். ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ரே கெர்டெஸ் என்னும் கலைஞரோ, 1928இல், தட்டின் விளிம்பில் சாய்ந்திருந்த ஒரு முள்கரண்டியையும் அதன் நிழலையும் மட்டுமே கொண்டு, இன்றளவும் பிரசித்தமான புகைப்படமொன்றை ஆக்கிவிட்டார்.

நிழலின் கூர்மை தூரத்தைப் பொறுத்தது. சூரியன் புள்ளியன்று, வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி அகலமுள்ள வட்டம். ஆதலால், பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தாலே, நிழலின் விளிம்பு சுமார் 1 செ.மீ. அகலத்துக்கு மங்கிவிடுகிறது. ஜன்னல் கம்பியின் நிழல் பக்கத்துச் சுவரில் தெளிவாக விழுவதும், உயரத்து மின்கம்பியின் நிழல் தரையை எட்டுமுன் வெளிறிவிடுவதும் இந்தக் காரணத்தாலேயே.

நிழலைச் செல்போனில் எடுப்பவர், வெளிச்சமான பகுதியை விரலால் தொட்டுப் பிரகாசத்தைச் சற்றுக் குறைத்தால், நிழல் கருமையாக நிற்கும். எச்டிஆர் வசதி நிழலுக்குள் ஒளியைப் பாய்ச்சிக் காட்சியைக் கெடுப்பதால், அதை அணைத்துவிடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

நடுப்பகலில் நிழல் குறுகிவிடும். ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் தலா ஒரு நாள், சூரியன் இப்பிரதேசத்தின் உச்சிக்கு நேரே வர, நட்ட கம்பத்துக்கும் நிழலிராது. இங்குள்ள தொழிற்சாலைகளுக்குள் படமெடுக்க அனுமதி கிடைப்பது அரிது. வெளிவேலியே போதும், லாரிகளைக் கவனித்து நின்று எடுங்கள்.