மனநலக் குழுக்கள்: எங்கே தேடுவது, எதைக் கேட்பது

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வரிசை வாசல் வரை நிற்கிறது. மருத்துவரால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடிந்தாலே பெரிது. தூக்கம் வருகிறதா, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, கை நடுங்குகிறதா என்று கேட்டு, சீட்டில் எழுதி, அடுத்தவரை அழைக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபின் எழும் கேள்விகள் வேறு வகை. வேலைக்குத் திரும்பினால் இத்தனை நாள் லீவுக்கு என்ன காரணம் சொல்வது? தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அண்ணனைப் பற்றிச் சொல்லலாமா? மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து உடம்பு ஊதிக்கொண்டே போகிறதே, மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் அதே வரிசையில்தான் நின்றிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான்.

அவர்களைப் பேச வைக்கும் ஏற்பாடுகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் அவை பலகை மாட்டிக்கொள்வதில்லை, விளம்பரம் செய்வதில்லை. அதோடு, இரண்டு வேறு ஏற்பாடுகளை நாம் ‘குழு’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். எது வேண்டும் என்று தெரியாமல் போனால் தவறான அறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

முதலாவது, குழு சிகிச்சை. இதை நிபுணர் நடத்துவார்: மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் அல்லது மனநல சமூகப் பணியாளர். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். வாரம் ஒருமுறை, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். சேர்ப்பதற்கு முன் உங்களைத் தனியே அழைத்துப் பேசி, இந்தக் குழுவில் நீங்கள் பொருந்துவீர்களா என்று பார்ப்பார்கள். சில குழுக்களில் பாடம்போல நடக்கும்: பதற்றம் வரும்போது மூச்சை எப்படிக் கையாள்வது, கோபம் ஏறும்போது எப்படி விலகி நிற்பது என்று வாரம் ஒரு பயிற்சி. வேறு சிலவற்றில் பேச்சுதான் சிகிச்சை. நீங்கள் அங்கே மற்றவர்களிடம் நடந்துகொள்ளும் விதமே அலசப்படும். வீட்டில் வாயைத் திறக்காதவர் இங்கேயும் நாலு வாரம் வாயைத் திறக்க மாட்டார். ஐந்தாவது வாரம் பக்கத்து நாற்காலிக்காரர் அதைச் சொல்லிக் காட்டுவார்.

இந்த முறையின் தொடக்கமாகப் பலரும் சொல்வது 1905ஆம் ஆண்டை. பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். பாடத்தைவிட, கூடி உட்கார்ந்ததே அவர்களைத் தேற்றியதைக் கவனித்தார். குழு சிகிச்சை எதனால் வேலை செய்கிறது என்று 1970இல் விரிவாகப் புத்தகம் எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் அதற்குப் பதினொரு காரணங்களை அடுக்கினார். ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற நினைப்பு உடைவது அவற்றில் ஒன்று. மற்ற பத்தையும் மறந்துவிட்டாலும் பாதகமில்லை என்பேன்.

இரண்டாவது, ஆதரவுக் குழு. இங்கே நிபுணர் கிடையாது, இருந்தாலும் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒரே கஷ்டத்தைப் பட்டவர்கள், படுகிறவர்கள் கூடுகிறார்கள். பெரும்பாலும் காசு கிடையாது. வரலாம், இரண்டு மாதம் காணாமல் போகலாம், திரும்பி வரலாம். சிகிச்சைக்கு இது மாற்றாகாது. சிகிச்சை எட்டாத இடங்களுக்கு இது எட்டும்.

நம் ஊரில் இந்த இரண்டாவது வகையில் மிகப் பரவலானது குடிநோயாளிகளின் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு பேருமே குடிகாரர்கள், சேர்ந்து தொடங்கியது. இன்று தமிழிலேயே பேசி, தமிழிலேயே அழும் கூட்டங்கள் நம் ஊர்களில் நடக்கின்றன. வேறு எந்தக் குழுவுக்குப் போவதாக இருந்தாலும் இதன் ‘ஓப்பன் மீட்டிங்’ ஒன்றுக்குப் பார்வையாளராகப் போய்வருவது நல்லது. குழு என்றால் என்ன என்று அங்கே விளங்கிவிடும்.

தேவாலயத்தின் பின்பக்க அறையோ, பள்ளி விட்டபின் ஒரு வகுப்பறையோ. பிளாஸ்டிக் நாற்காலிகள். டீ, பிஸ்கட். வாசலில் பெயர் எழுதும் பதிவேடு இல்லை. முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். என்ன ஜாதி, எங்கே வேலை என்ற நம் வழக்கமான விசாரணையும் கிடையாது. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பிப்பார். மகளின் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைத்தார் என்று சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள், ‘அடப்பாவி’ என்றுகூட. அவர் உட்கார்ந்ததும் அடுத்தவர் தன் கதையைச் சொல்வார். கடைசியில் ஒரு பை சுற்றி வரும்; போடலாம், போடாமலும் விடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. சேருவதற்குத் தேவை ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

இதெல்லாம் வெறும் ஆறுதல்தானே என்று நினைப்பவர்களுக்கு: ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் ஏ.ஏ. பற்றிய மதிப்பாய்வை வெளியிட்டது. குடியை முழுவதும் விட்டு இருப்பதில், நிபுணர்கள் தரும் மற்ற சிகிச்சைகளுக்கு இது குறைந்ததில்லை, சில அளவைகளில் மேலானது என்பது அதன் முடிவு.

கணவர் வர மறுக்கிறார் என்றால் மனைவி தனியே போக ஓர் இடம் உண்டு: அல்-அனான். 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய இது குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது. வீட்டுக்காரர் இன்னமும் குடித்துக்கொண்டிருந்தாலும் போகலாம். அவரைத் திருத்தும் உபாயம் அங்கே கிடைக்காது. அவர் திருந்துவதற்குக் காத்திருக்காமல் உங்கள் நாளை எப்படி ஓட்டுவது என்பது கிடைக்கும்.

குடும்பங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மனநோயின் பாதிச் சுமையைச் சுமப்பது அவர்கள்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களை அன்று எல்லோரும் திட்டினோம். வேறு எங்கே போவது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளிருந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சமையல், குளியல் எல்லாம் பக்கத்து அறைக்காரர்களோடு என்றாகும்போது, யாரும் கூட்டாமலே ஒரு குழு உருவாகிவிடுகிறது.

இப்படிக் குடும்பத்தார் கூடும் பராமரிப்பாளர் கூட்டத்தில் என்ன பேசுவார்கள்? மகன் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு பின்னால் துப்பிவிடுகிறான் என்று ஓர் அம்மா சொல்வார். நாங்களும் அப்படித்தான் அவதிப்பட்டோம், டாக்டரிடம் சொல்லி மாதம் ஒரு ஊசியாக மாற்றிக்கொண்டோம், நீங்களும் கேட்டுப் பாருங்கள் என்பார் இன்னொருவர். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்த நாளில் போனால் கூட்டம் குறைவு, உதவித்தொகைக்கு என்னென்ன காகிதம் வேண்டும், எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்று போகும் பேச்சு. கடைசிக் கேள்விக்கு மட்டும் யாரிடமும் சட்டென்று பதில் இருக்காது. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க முடிகிற இடம் அதுதான்.

சரி, எங்கே தேடுவது?

மருத்துவரைவிட, அவர் அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் மனநல சமூகப் பணியாளரைப் பிடியுங்கள். எந்தக் கிழமை எந்தக் குழு கூடுகிறது, எது உயிரோடு இருக்கிறது, எது பெயருக்கு இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் உண்டு. இந்தியாவில் இத்திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இப்போது தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ விசாரித்தால் நாள் சொல்வார்கள்.

சென்னையில் மனச்சிதைவு நோய்க்கு ஸ்கார்ஃப் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சக மருத்துவர்களோடு தொடங்கியது. வீடற்றுத் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993இல் தொடங்கிய பேன்யன், குடிக்கும் போதைக்கும் 1980 முதல் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனை, மதுரையில் 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை ஆகியவையும் கேட்கத் தகுந்த இடங்கள். தற்கொலையில் உறவை இழந்தவர்களின் துயரம் தனி வகை. செல்லமுத்து அறக்கட்டளையின் ‘ஸ்பீக்’ முயற்சி அவர்களுக்கானது. கணவரை அப்படி இழந்த எழுத்தாளர் நந்தினி முரளி தொடங்கியது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் 14416ஐ அழையுங்கள். 2022இல் வந்த டெலி-மானஸ் என்ற அரசுச் சேவை. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். பக்கத்தில் எந்த மருத்துவமனை என்றும் கேட்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர், அல்லது யாருக்கும் கேட்காத குரல்கள் கேட்கத் தொடங்கியிருப்பவர், குழுவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் மருத்துவர், அல்லது இந்த எண். தற்கொலைத் தடுப்புக்கென்றே சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகாவின் எண் 044-24640050. குழு அதற்குப் பிறகு.

போவதற்குமுன் போனில் சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். நடத்துவது யார்? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா? (கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம்.) புதியவர்கள் எப்போது வேண்டுமானாலும் சேரலாமா, தொடங்கியபின் கதவு மூடப்படுமா? பணம் எவ்வளவு, ஒரு வாரம் வராவிட்டால் அதற்கும் உண்டா? முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருக்கலாமா? கடைசிக் கேள்விக்கு ‘கூடாது’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்தக் குழுவிலிருந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பிரார்த்தனை, யோகம், பச்சிலை, எந்தப் பெயரில் சொன்னாலும் சரி. உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.வின் நிலைப்பாடும்கூட. மூன்றாவது கூட்டத்தில் சத்து மாவு டப்பாவோ, காப்பீட்டுப் படிவமோ வெளியே வந்தாலும் அப்படியே.

ரகசியம் பற்றிய பயம் நியாயமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை தருபவரைக் கட்டுப்படுத்தும். உங்கள் பக்கத்து நாற்காலிக்காரரை அது கட்டுப்படுத்தாது. அவர் கொடுக்கும் வாக்குறுதி ஒன்றே பாதுகாப்பு. அதனால் முதல் சில கூட்டங்களில் அலுவலகத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் சொல்லாமல் பேசுங்கள். சின்ன ஊர் என்றால் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் பஸ் ஏறலாம். தெரிந்த முகம் எதிரே வந்துவிட்டால்? நாட்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. அங்கே உட்கார்ந்திருக்கும் அந்தத் தெரிந்தவரும் உங்களைப் பார்த்து அதே பதைப்பில்தான் இருப்பார்.

ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு முறை போய்ப் பாருங்கள். வயது ஒத்துவரவில்லை, எல்லோரும் ஆண்கள், பேச்செல்லாம் ஒரே ஆளுடையது என்றால் வேறு குழுவுக்கு மாறுவதில் தப்பில்லை. சிலருக்குக் குழுவே ஒத்துவராது. பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தாலே வியர்க்கிறவர் தனி ஆலோசனையில் தொடங்கட்டும்.

பக்கத்தில் எதுவுமே இல்லையா? நீங்களே ஒன்று தொடங்கலாம். சென்னையில் ‘ஆஷா’ என்ற அமைப்பு, மனநோயுற்றவர்களின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் சேர்ந்து தொடங்கியது. மருத்துவமனை வரிசையில் முகம் பழகிய இரண்டு மூன்று குடும்பங்கள் போதும். மகளிர் சுயஉதவிக் குழு நடத்திப் பழகிய ஊர் நம்முடையது. சுற்றி உட்கார்ந்து முறை வைத்துப் பேசுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சமூகப் பணியாளரிடம் சொல்லி மாதம் ஒரு மாலைக்கு ஓர் அறை கேளுங்கள். வீட்டில் வைக்க வேண்டாம். வீடு ஒருவருடையது, வராதவர்களுக்கு அதுவே சாக்காகிவிடும். நாளை மாற்றாதீர்கள்: இரண்டாவது சனிக்கிழமை என்றால் மழையானாலும் இரண்டாவது சனிக்கிழமைதான். ஒருவரே மணிக்கணக்கில் பேசாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், நெருக்கடி வந்தால் அழைக்க ஒரு மருத்துவரின் எண். முதல் மாதம் இரண்டே பேர் வந்தாலும் கூட்டத்தை ரத்து செய்யாமல் நடத்துங்கள். மூன்றாவது ஆள் தயங்கித் தயங்கி வரும் நாளில் கதவு பூட்டியிருக்கக் கூடாது.