புல்வெளியில் ஒரு பொன் ஆலயம்

அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட ஒரு சுரூபத்துக்காக, உலகின் எழில்மிகு ஆலயங்களுள் ஒன்று எழுந்தது என்றால் நம்புவீர்களா, தோழியரே?

ஜெர்மனி நாட்டின் தெற்கே, பவேரியா மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஸ்டைன்காடன் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகில் அமைந்திருப்பதே 'வீஸ்' திருத்தலம். 'வீஸ்' என்றால் புல்வெளி என்று பொருள். வாருங்கள், மனக்கண்ணால் அங்கே சென்று வருவோம்.

சுற்றிலும் பசும்புல், தொலைவில் மலைமுகடுகள், நடுவே ஆலயம். வெளியிலிருந்து பார்க்கையில் அது எளிய கட்டடமாகவே தோன்றுகிறது. உள்ளே நுழையுமுன் அதன் வரலாற்றை அறிவோம்.

1730-ஆம் ஆண்டு, ஸ்டைன்காடன் மடத்துத் துறவிகள் பெரிய வெள்ளிக்கிழமைப் பவனிக்காக, கற்றூணில் கட்டுண்ட இயேசுவின் சுரூபம் ஒன்றைச் செய்தனர். பழைய மரச் சுரூபங்களின் துண்டுகளை இணைத்து, மூட்டுகளைத் துணியால் மூடி, வண்ணம் தீட்டினர். காயமும் இரத்தமுமாய் இருந்த அக்கோலத்தைக் காண மக்களுக்கு மனம் பொறுக்கவில்லை. சில ஆண்டுகளில் அது பவனியிலிருந்து நீக்கப்பட்டது. இறுதியில் ஒரு விடுதிக்காரரின் வீட்டுப் பரணில் போய்க் கிடந்தது!

1738-இல் மரியா லோரி என்ற குடியானவப் பெண் அதைத் தம் பண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன்முன் செபித்து வந்தார். அவ்வாண்டு ஜூன் 14-ஆம் நாள், அச்சுரூபத்தின் கண்களில் நீர்த்துளிகளைக் கண்டதாக அவர் கூறினார். செய்தி பரவியது. மக்கள் திரண்டனர். 1740-இல் ஒரு சிற்றாலயம் கட்டப்பட்டது, அதுவும் போதவில்லை. ஆகவே 1745-இல் பெரிய ஆலயப் பணி தொடங்கி, 1754-இல் நிறைவு பெற்றது.

கட்டடக் கலைஞர் டொமினிக்குஸ் சிம்மர்மான். விதான ஓவியம் தீட்டியவர் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட். பரோக் கலையின் கடைசிக் கட்டமான ரொக்கோக்கோ பாணியில் இதனை அமைத்தனர். நேர்கோடுகளைக் குறைத்து, வளைவுகளாலும் ஒளியாலும் உள்ளத்தைக் கவர்வது இப்பாணி.

இப்போது உள்ளே செல்வோம். என்ன வியப்பு! முட்டை வடிவக் கூடம், வெண்சுவர்கள், கொடிகளாய்ப் படரும் பொன் வேலைப்பாடுகள், பெரிய சன்னல்கள் வழியே பாயும் கதிரொளி! அண்ணாந்து பார்த்தால் வானவில்லின்மேல் உயிர்த்த இயேசு. அவ்வோவியத்தில் நடுத்தீர்வையின் சிம்மாசனம் இன்னும் காலியாகவே இருக்கிறது. மனந்திரும்ப நமக்கு இன்னும் காலம் உண்டு என்பதன்றோ அதன் பொருள்! இத்தனை அழகுக்கும் நடுவில், உயர் பீடத்தில், பரணில் கிடந்த அதே சுரூபம் வீற்றிருக்கிறது.

டொமினிக்குஸ் தம் இறுதி ஆண்டுகளை இவ்வாலயத்தின் அருகிலேயே வீடு கட்டி வாழ்ந்து கழித்தார். 1766-இல் அங்கேயே மறைந்தார்.

ஆனால் ஆலயத்துக்கும் சோதனை வந்தது. 1803-இல் அரசு துறவு மடங்களை மூடியபோது, இதனை ஏலம் விட்டு இடித்துவிடத் திட்டமிட்டனர். சுற்றுப்புறத்து உழவர்கள் விடவில்லை. "எங்கள் கோயில் எங்களுக்கு வேண்டும்" என்று மன்றாடிக் காப்பாற்றினர். அன்று அவர்கள் வாளாவிருந்திருந்தால், 1983-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இவ்வாலயம் இன்று வெறும் புல்வெளியாகவே இருந்திருக்கும்.

தோழியரே, சென்ற கிறிஸ்துமஸ் விழாவுக்குக் குடில் அமைக்கையில், கை உடைந்த இடையன் சுரூபம் ஒன்றை நான் வைக்கோலுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். குடில் அழகாய் இருக்க வேண்டுமே என்ற எண்ணம்! இக்கட்டுரைக்காக வீஸ் ஆலயத்தைப் பற்றிப் படித்தபோது அந்த இடையன் என் நினைவுக்கு வந்தான். வகுப்பிலும் விளையாட்டிலும் நாம் பின்னால் தள்ளி வைக்கும் சில தோழியரும் நினைவுக்கு வந்தனர்.

வரும் கிறிஸ்துமஸில் அந்த இடையனுக்கு முன்வரிசையில் இடம் கொடுப்பேன். தோழியருக்கோ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே கொடுக்கலாமே!