வீட்டுப் புல்தரையும் களைகளும்

கவனிப்பற்றுக் கிடக்கும் வீட்டுப் புல்தரையைத் திருத்த முற்படுவோர் முதலில் களைகளை இனம் பிரித்தறிதல் அவசியம். எல்லாவற்றையும் ஒரே விதமாய்ப் பிடுங்குவது வீண் சிரமமாகும்.

நெருஞ்சி ஒரு பருவமே வாழும் பூண்டு. மஞ்சள் பூ விட்டு முட்காய் முற்றுமுன் ஆணிவேருடன் களைந்தால் குழந்தைகளின் கால்களுக்குத் தீங்கு நேராது. 1955-ல் புனாவில் கவனிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் சிறு வெண்பூக்களை உடையது. அது தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்குமாதலால், கையுறை அணிந்து, பூக்குமுன் பிடுங்க வேண்டும்.

கோரையோ புல்லைப் போன்று ஏமாற்றும். அதன் பூந்தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டைகள் புலப்படும். மேலே இழுத்தால் இலை மட்டுமே வரும். மண்ணுள் சங்கிலிபோல் தொடர்ந்துள்ள கிழங்குகள் மீண்டும் முளைக்கும். ஆகையால் மண் ஈரமாயிருக்கையில் ஒரு சாண் ஆழம் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கி, உலர்த்தி எரித்துவிடுக, எருக்குழியில் இடலாகாது. பிறகு தலைகாட்டுவனவற்றை வாரந்தோறும் அகற்றி வரின், எஞ்சிய கிழங்குகள் வலுவிழக்கும்.

அதன்பின் நிலத்தைச் சமன்செய்து, மக்கிய எருவிட்டு, கணுக்களுள்ள அறுகந்துண்டுகளை மழைத் தொடக்கத்தில் 4 அங்குல இடைவெளியில் நடலாம். அறுகு வெயிலை விரும்பும், நிழலில் செழிக்காது. புல்லை ஒட்ட வெட்டாமல் 1½ அங்குல உயரம் விட்டு வெட்டுதல் நலம். அடர்ந்த புல்லே களைக்குத் தடை.