புள்ளிகள் நிற்க, அச்சுகள் திரும்ப

மாணவர்களுக்கு நான்கு தேர்வுகள் வைப்பதாகக் கொள்வோம். இரண்டு சொல்வளத்துக்கு, இரண்டு கணக்குக்கு. மதிப்பெண்களைக் காரணிப் பகுப்பாய்வில் இட்டதும் கணினி அவற்றின் பின்னே பொதுவாக நிற்கும் இரண்டு காரணிகளைத் தருகிறது. இவற்றில் சொல் தேர்வுகளின் சுமைகள் 0.7, 0.4, கணக்குத் தேர்வுகளுக்கு 0.7, −0.4. சுமை என்பது ஒரு தேர்வு அந்தக் காரணியோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பதன் அளவு. முதல் காரணியில் நான்கும் ஒன்றாகக் கிடக்கின்றன. இரண்டாவதற்கு என்ன பெயர் வைப்பது?

வரைபடத்தாளில் குறித்தால் பதில் கண்ணில் படும். மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். முதல் காரணியின் அச்சு இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே ஓடுகிறது. புள்ளிகளை அசைக்காமல் அச்சுகளை மட்டும் 45 பாகை திருப்புங்கள். சொல் தேர்வுகள் 0.78, 0.21 ஆகின்றன, கணக்குத் தேர்வுகள் 0.21, 0.78. பழைய சுமைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.65, புதியவற்றைக் கூட்டினாலும் அதே 0.65. இந்தத் திருப்பலைக் கணக்கில் செய்யும் எண் அட்டவணையே சுழற்சி அணி. அதனால் பெருக்குவது இவ்வளவுதான்: தரவு மாறவில்லை, பார்க்கும் கோணம் மாறியது.

எந்தக் கோணம் நல்லது? ஒவ்வொரு தேர்வும் ஓரிரு காரணிகளில் மட்டும் கனமாகவும் மற்றவற்றில் பூச்சியத்தை ஒட்டியும் இருக்க வேண்டும் என்றார் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல். எல். தர்ஸ்டன். அதற்கு 'எளிய அமைப்பு' என்று பெயர். அன்று இரண்டிரண்டு காரணிகளாகத் தாளில் வரைந்து கண்ணளவில்தான் திருப்பினார்கள். ஒருவர் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் நிறுத்தமாட்டார். 1958இல் ஹென்றி கைசர் வெளியிட்ட வேரிமேக்ஸ் முறை அந்த வேலையைச் சூத்திரத்திடம் கொடுத்தது. ஒவ்வொரு காரணியிலும் சுமை வர்க்கங்களின் பரவல் உச்சத்தைத் தொடும் இடமே அச்சுக்கு இடம்.

ஆனால் வேரிமேக்ஸ் அச்சுகளைச் செங்கோணத்திலேயே பிடித்து வைக்கிறது. நம் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் 0.21 அந்தப் பிடிவாதத்தின் விலை. செங்கோணத்தைத் தளர்த்தி, ஒவ்வொரு அச்சையும் அதனதன் கூட்டத்தின் ஊடே விட்டால் சுமைகள் 0.81, 0 என்று சுத்தமாகின்றன. அச்சுகளுக்கு இடையே ஏறக்குறைய 60 பாகை. அதாவது சொல்திறனுக்கும் கணக்குத்திறனுக்கும் சுமார் 0.5 ஒட்டுறவு. ப்ரோமேக்ஸ், ஆப்லிமின் போன்ற சாய்சுழற்சி முறைகள் செய்வது இதைத்தான்.

மனத்திறன்களை ஆராய்பவர்கள் சாய்சுழற்சியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். திறன்களுக்குள் உறவே இல்லையென்றால் அச்சுகள் தாமாகவே செங்கோணத்தை நெருங்கிவிடும். உறவு இருந்தால், செங்கோணம் அதை மறைத்துவிடும். நம் தேர்வுகள் நான்கும் முதலில் 0.7 என ஒன்றாகக் கிடந்தனவே, அந்தப் பொதுமை 0.5 ஒட்டுறவுக்குள் அப்படியே இருக்கிறது. 1904இல் சார்லஸ் ஸ்பியர்மன் பொது அறிவுத்திறன் என்று பெயரிட்டதும், அதை ஏற்காத தர்ஸ்டனே பின்னாளில் இரண்டாம் அடுக்குக் காரணியாக இடம்கொடுத்ததும் இந்தப் பொதுமைக்குத்தான்.