போட்டியாளர் கணினியிலும் பாடலாமா?

2002 ஜூலையில் ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஜூலை 1 அன்று வந்தது முதலாவது: ஜெர்மனியின் எமாஜிக் நிறுவனத்தை வாங்கிவிட்டோம், இசையமைப்பாளர்கள் பயன்படுத்தும் அதன் லாஜிக் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு செப்டம்பர் 30-ஓடு நிறுத்தப்படும். ஜூலை 17 அன்று நியூயார்க் மேக்வேர்ல்டு மாநாட்டில் வந்தது இரண்டாவது: அதுவரை மேக் கணினியோடு மட்டும் பேசிய ஐபாட், இனி விண்டோஸ் கணினியோடும் பேசும்.

பதினாறு நாள் இடைவெளியில் ஒரே நிறுவனம், பாட்டு போடுகிறவர்களுக்கு ஒரு கதவைச் சாத்தியது. பாட்டு கேட்கிறவர்களுக்கு இன்னொரு கதவைத் திறந்தது.

கணினியையும் விற்று இசை மென்பொருளையும் எழுதும் ஒரு நிறுவனம், அந்த மென்பொருளைப் போட்டியாளரின் கணினியிலும் ஓடவிட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஆப்பிளே கால் நூற்றாண்டாக வெவ்வேறு பதில்களைச் சொல்லிவருகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு கணக்கு உண்டு.

ஐபாட் அறிமுகமானது 2001 அக்டோபர் 23-ல். 5 ஜிபி கொள்ளளவு, ஆயிரம் பாட்டு, விலை 399 டாலர். கணினியோடு இணைக்க ஃபயர்வயர் கேபிள், பாட்டை ஏற்ற மேக்கில் ஓடும் ஐட்யூன்ஸ். அந்தக் காலத்தில் உலகில் விற்ற கணினிகளில் நூற்றுக்கு ஐந்துகூட மேக் கிடையாது. இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் ஐபாடைப் பூட்டி வைத்ததற்கும் ஒரு நியாயம் இருந்தது. ஐபாட் வேண்டுமென்றால் மேக் வாங்கத்தான் வேண்டும். அப்படியாவது மேக் விற்கும் என்பதுதான் அது. ஸ்டீவ் ஜாப்ஸ் அதில் பிடிவாதமாக நின்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வால்டர் ஐசக்சன் பதிவு செய்திருக்கிறார். ஆப்பிளிலேயே பணியாற்றிய ஃபில் ஷில்லர், ஜான் ரூபின்ஸ்டைன், ஜெஃப் ராபின், டோனி ஃபடெல் ஆகியோர் எதிர்ப்பக்கம் நின்று மாதக்கணக்கில் வாதாடினார்கள்.

ஜாப்ஸ் முதலில் இறங்கி வந்தது அரை மனதோடுதான். 2002-ல் விண்டோஸுக்கென்று வந்த ஐபாடுடன் ஐட்யூன்ஸ் வரவில்லை. மியூசிக்மேட்ச் என்ற வேறொரு நிறுவனத்தின் மென்பொருள்தான் பாட்டை ஏற்றித் தந்தது. பெட்டி ஆப்பிளுடையது, அதற்குள் பாட்டு போகும் வழி இன்னொருவருடையது. 2003 ஏப்ரலில் ஐட்யூன்ஸ் இசைக்கடை திறந்தபோதும் அது மேக்கில் மட்டுமே. பாட்டு ஒன்று 99 சென்ட், கடையில் 2 லட்சம் பாட்டுகள், முதல் வாரத்திலேயே 10 லட்சம் விற்பனை. இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு வியாபாரம் என்றால், பெரிய ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

2003 அக்டோபர் 16 அன்று விண்டோஸ் ஐட்யூன்ஸை ஜாப்ஸே மேடையேறி அறிமுகம் செய்தார். நடக்கவே நடக்காது என்று எல்லோரும் நம்பியது நடந்துவிட்டது என்று பொருள்படும் வாசகத்தை ஆப்பிள் விளம்பரமாகவே வைத்தது. மூன்றரை நாளில் 10 லட்சம் பேர் அந்த மென்பொருளைப் பதிவிறக்கினார்கள். அதே மூன்றரை நாளில் 10 லட்சம் பாட்டுகள் விற்றன. 2003 ஜூனில் ஐபாடின் மொத்த விற்பனை 10 லட்சத்தைத் தொட்டிருந்தது. 2005 ஜனவரிக்குள் அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. சிறிய ஐபாட் மினி வந்ததும் இந்த வளர்ச்சிக்குக் காரணம். ஆனாலும், விண்டோஸ் வாசலைத் திறக்காமல் மேக் வட்டத்துக்குள்ளேயே ஒரு கோடியை எட்டியிருக்க முடியாது. 2007-ல் வந்த முதல் ஐபோனை ஐட்யூன்ஸ் வழியாகத்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. விண்டோஸ்காரர்களும் ஐபோன் வாங்க முடிந்தது இந்தப் பழைய முடிவின் புண்ணியத்தால்.

திறந்த அந்தக் கதவு பாதிதான் திறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடையில் வாங்கிய பாட்டில் ஃபேர்ப்ளே என்ற பூட்டு இருந்தது. அதை விண்டோஸில் கேட்கலாம், மேக்கில் கேட்கலாம்; கையில் எடுத்துப்போக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஐபாட்தான். 2004-ல் ரியல் நெட்வொர்க்ஸ் நிறுவனம் தன் கடைப் பாட்டுகளும் ஐபாடில் ஓடும்படி வழி கண்டுபிடித்தபோது ஆப்பிள் கடுமையாகச் சீறியது. காசு கொடுத்து வாங்கிய பாட்டு கருவி மாறும்போது கூட வராது என்பது, ஆண்டுக்கணக்கில் பாட்டு சேர்த்த ஒருவருக்குச் சின்ன விஷயம் அல்ல. கடையிலிருந்த எல்லாப் பாட்டிலிருந்தும் பூட்டைக் கழற்ற 2009 ஆனது.

இன்னொரு குறை, விண்டோஸ் பதிப்பின் தரம். அந்த நாட்களில் ஐட்யூன்ஸை நிறுவினால் கூடவே குயிக்டைம் என்ற காணொளி மென்பொருளும் வந்து உட்கார்ந்துவிடும். 2008-ல் ஆப்பிளின் புதுப்பிப்பு மென்பொருள், யாரும் கேட்காமலேயே சஃபாரி உலாவியையும் டிக் போட்டு நீட்டியது. போட்டியாளரின் கணினிக்குள் விருந்தாளியாகப் போகிறவர் நடந்துகொள்ளும் முறை இதுவல்ல. மென்பொருளைத் தருவது என்று முடிவெடுத்துவிட்டால், சொந்தக் கணினிக்குத் தரும் அதே அக்கறையோடு தர வேண்டும்.

இனி, சாத்திய கதவுக்கு வருவோம்.

லாஜிக்கின் முன்னோடி நோட்டேட்டர். 1980-களில் அட்டாரி எஸ்டி கணினியில் ஓடியது. அட்டாரி மறைந்தபோது அதை நம்பியிருந்த இசைக்கலைஞர்கள் மேக்குக்கும் விண்டோஸுக்கும் குடிபெயர்ந்தார்கள். 2002-ல் எமாஜிக்கின் வருவாயில் 65 சதவீதத்துக்கு மேல் மேக் பக்கமிருந்து வந்தது என்று நிறுவனம் சொன்னது. மீதமிருந்தவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. அவர்களில் அட்டாரியிலிருந்து வந்தவர்களுக்கு இது இரண்டாவது குடிபெயர்வு.

அவர்கள் எதை இழந்தார்கள் என்பதை ஒரு பாட்டின் ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் புரியும். அதில் வாசித்த சுரங்கள் இருக்கும். குரலுக்குப் போட்ட எதிரொலி (ரிவெர்ப்) இருக்கும். பல்லவி முடியும் இடத்தில் வயலினை மெல்ல இறக்கிய கோடு இருக்கும். லாஜிக்குக்குள் ஓடும் சாம்ப்ளரில் இசையமைப்பாளர் மணிக்கணக்கில் செதுக்கிய ஒலி இருக்கும். இதையெல்லாம் வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக மிடி ஃபைலாக எடுத்தால் எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்பது போன்ற வாசிப்புக் குறிப்புகள் மட்டும் போய்ச் சேரும். செதுக்கிய ஒலி வராது. ரிவெர்ப் வராது. ஆடியோவாகப் பதிந்து எடுத்தால், அதாவது பவுன்ஸ் செய்தால், ஒலி வரும், ஆனால் இறுகிப்போய் வரும். ஒரு சுரத்தை மாற்ற நினைத்தாலும் எளிதில் மாற்ற முடியாது.

ஆப்பிளின் கணக்கும் புரியாத ஒன்றல்ல. ஐட்யூன்ஸ் விண்டோஸுக்குப் போனால் ஐபாட் விற்கும். லாஜிக் விண்டோஸுக்குப் போனால் மேக் வாங்க ஒரு காரணம் குறையும், அவ்வளவுதான். அந்தக் கணக்கினால் இசைக்கலைஞர்களுக்கு லாபமும் உண்டு. 2013-ல் லாஜிக் ப்ரோ எக்ஸ் 199.99 டாலருக்கு வந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் மேம்பாடுகளை ஆப்பிள் இலவசமாகவே கொடுத்தது. இரண்டு கணினிகளிலும் ஓடும் இசை மென்பொருள்களான க்யூபேஸ், ஏபிள்டன் லைவ் ஆகியவற்றின் முழுப் பதிப்புக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விலை. மென்பொருளை மட்டும் விற்றுப் பிழைப்பவர்களுக்கு அந்த விலைக்குத் தருவது கடினம்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் தன் எஃப்எல் ஸ்டுடியோ இசை மென்பொருளை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விண்டோஸில் மட்டும் வைத்திருந்தது. 2018-ல் மேக்குக்கும் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே வாங்கியவர்களின் உரிமமே இரண்டுக்கும் செல்லும் என்றது. ப்ராஜெக்ட் ஃபைலும் இங்கிருந்து அங்கே திறக்கும். அவர்களிடம் விற்கக் கணினி இல்லை என்பதும் உண்மை.

கேட்கிற பக்கத்தில் ஆப்பிள் பிறகு தயங்கவே இல்லை. 2014-ல் 300 கோடி டாலருக்கு, இசைச் சந்தா சேவையும் நடத்திய பீட்ஸ் நிறுவனத்தை வாங்கியது. 2015 ஜூனில் தொடங்கிய அதன் சந்தா சேவையான ஆப்பிள் மியூசிக் அதே ஆண்டு நவம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. இந்தியாவில் அதன் தொடக்கச் சந்தா மாதம் 120 ரூபாய். இங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு; அவர்களை விட்டுவிட்டுச் சந்தா வியாபாரம் நடத்த முடியாது. 2023-ல் வந்த ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் செயலி ஐபேடுக்குப் போவதற்கு முன்பே ஆண்ட்ராய்டுக்குப் போய்விட்டது. ஆனால் ஐமெசேஜ் என்ற தன் செய்திச் சேவை என்று வரும்போது அதே நிறுவனம் வாயிலை இறுக்கிச் சாத்துகிறது. அதை ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால் நமக்கு உதவியைவிடக் கெடுதலே அதிகம் என்று ஷில்லர் எழுதிய மின்னஞ்சல், எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில் வெளியே வந்தது.

லாஜிக்கை விண்டோஸுக்குக் கொடு என்று ஆப்பிளைக் கட்டாயப்படுத்த நியாயம் இல்லை. ஒரு மென்பொருளை இரண்டு வீட்டில் வளர்க்க ஆகும் செலவு யாருக்கும் தெரிந்ததே. ஆனால் அதற்குள் இருக்கும் பாட்டு ஆப்பிளுடையது அல்ல, அதைப் போட்டவருடையது. அது முழுசாக வெளியே வர வழி வேண்டும் என்று கேட்பது நியாயம். அப்படி ஒரு வழியை 2023-ல் இசை மென்பொருள் நிறுவனங்களான பிட்விக்கும் ப்ரீசோனஸும் சேர்ந்து போட்டிருக்கின்றன: ட்ராக்குகளையும் ஏற்ற இறக்கக் கோடுகளையும் ப்ளக்-இன் அமைப்புகளையும் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் டிஏடபிள்யூ ப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவம். க்யூபேஸும் அதில் சேர்ந்துவிட்டது. லாஜிக்கும் அதை எழுதக் கற்றுக்கொள்வதுதான் ஆப்பிள் அடுத்து செய்ய வேண்டிய வேலை.

சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைப்பள்ளியில் லாஜிக் ப்ரோ கற்பிக்க மேக் ஆய்வகம் அமைப்பதாக 2018-ல் ஆப்பிள் அறிவித்தது. இப்படி ஓர் ஆய்வகத்தில் லாஜிக் கற்றுக்கொண்டு, வீட்டில் அண்ணனின் விண்டோஸ் லேப்டாப்பை மட்டும் வைத்திருக்கும் மாணவி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை, 24 ட்ராக்குகளையும் முதல் பாரிலிருந்து ஒவ்வொன்றாக பவுன்ஸ் செய்து பென் டிரைவில் ஏற்றிக்கொள்கிறாள். வீட்டில் வேறொரு மென்பொருளில் அவற்றை வரிசையாக அடுக்குகிறாள். சரணத்தில் வீணை ஒரு சுரம் தள்ளி விழுந்திருப்பது அப்போதுதான் காதில் படுகிறது. அதை மூல ப்ராஜெக்டில் திருத்த அவள் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.