ஆறு பிடி ஆட்டமும் அரைநாள் கூலியும்

"மாமா, இது கபடியா, ஃபுட்பாலா, இல்ல அடிதடியா?"

திருமானூரில் தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் ஒதுங்குகிற டீக்கடையில் பக்கத்து பெஞ்சுப் பையன் போனை என் பக்கம் நீட்டினான். சிமெண்ட் ஆலைக்குக் கல் எடுக்கிற சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். பொங்கல் வந்தால் சுற்றுவட்டாரக் கபடி மேட்ச்களில் கார்னர் நிற்பான். திரையில் ஓடிக்கொண்டிருந்தது 2023 பிப்ரவரி 18 அன்று ஆஸ்திரேலியாவின் பென்ரித் ஊரில் நடந்த ஆட்டம். ஒரு பக்கம் இங்கிலாந்துச் சாம்பியன் செயிண்ட் ஹெலன்ஸ், மறுபக்கம் ஆஸ்திரேலியச் சாம்பியன் பென்ரித் பேந்தர்ஸ். ஆட்டம் முடியும் தறுவாயில் பென்ரித் 12-12 என்று சமன் செய்துவிட்டது. கூடுதல் நேரத்தில் முதல் புள்ளியை யார் எடுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. லூயிஸ் டாட் என்ற இளைஞர் பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டவிட்டு, அது எழும்புகிற நொடியில் காலால் உதைத்தார். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனது. 13-12. உள்ளூர்க் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது.

இந்த ஆட்டத்துக்கு வேர்ல்ட் கிளப் சேலஞ்ச் என்று பெயர். ரக்பி லீக் விளையாட்டில் இங்கிலாந்தின் சாம்பியன் கிளப்பும் ஆஸ்திரேலியாவின் சாம்பியன் கிளப்பும் மோதுகிற ஒற்றை ஆட்டம். "உட்காரு, டீ சொல்லு" என்றேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு சாதி உண்டு. இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக மோதுவது யூனியன். 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பை வாங்கிய சென்னை புல்ஸ் ஆடியதும் யூனியனின் குட்டி வடிவமான எழுவர் ஆட்டம்தான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் ஆண்டுதோறும் ஆடிக் கைப்பற்றும் கல்கத்தா கோப்பைகூட யூனியனுடையதே. கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப் 1878இல் கலைந்தபோது, கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியின் உச்சியில் யானை. நாம் பேச வந்தது இன்னொரு சாதியை. அதன் பிறப்புக் கதைக்குப் போகுமுன் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். நூறு மீட்டர் நீளக் களம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், காலால் முன்னால் உதைக்கலாம். கையால் எறிவதானால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'டிரை', நான்கு புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கிடையே உதைத்துவிட்டால் மேலும் இரண்டு. எதிரணி தப்பு செய்தால் கிடைக்கிற பெனால்டி உதைக்கும் இரண்டு. டாட் அடித்த மாதிரி ஓட்டத்திலேயே தட்டி உதைத்தால் ஒன்று.

கபடிக்காரனுக்குப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. கபடியில் பாடிப் போகிறவனைப் பிடித்து நிறுத்திவிட்டால் அவன் அவுட். இங்கே பிடிபட்டவன் அவுட் ஆவதில்லை. பிடித்தவர்கள் விட வேண்டும். அவன் எழுந்து நின்று பந்தைத் தரையில் வைத்து, பாதத்தால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்கிற கூட்டாளி எடுத்துக்கொண்டு அடுத்த ஓட்டம் கிளம்புவார். அந்த நேரத்தில் எதிரணியில் இரண்டு பேர்தான் எதிரே நிற்கலாம். மற்றவர்கள் பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். இப்படி ஆறு பிடி. ஆறாவது பிடிக்குள் புள்ளி எடுக்கவில்லை என்றால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்து பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து, எதிரணியை அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் முடக்கப் பார்ப்பார்கள்.

இந்த எண்ணிக்கை ஆதியிலிருந்து இருந்ததில்லை. 1960களின் நடுப்பகுதி வரை எத்தனை பிடி வேண்டுமானாலும் வாங்கலாம். பலசாலி அணி பந்தை விடாமல் நேரத்தை ஓட்டிவிடும். சிட்னியின் செயிண்ட் ஜார்ஜ் கிளப் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினோரு பட்டம் வென்றது அந்தக் காலத்தில்தான். 1966இல் இங்கிலாந்தில் நான்கு பிடி என்று கட்டினார்கள். 1967இல் ஆஸ்திரேலியாவும் அதே விதிக்கு வந்தது, செயிண்ட் ஜார்ஜின் வரிசையும் அதே ஆண்டு அறுந்தது. பிறகு 1970களின் தொடக்கத்தில் நான்கு ஆறானது. "டூ ஆர் டை ரெய்டு மாதிரி" என்றான் பையன். அதேதான். புரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுமனே போய்வந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? டிக்கெட் வாங்கியவன் கொட்டாவி விடக்கூடாது என்றுதான்.

டிக்கெட் என்றதும் பிறப்புக் கதைக்கு வந்துவிடுகிறோம். எனக்கு இந்த விளையாட்டின் மேல் பிடிப்பு வந்ததே அந்தக் கதையால்தான்.

வட இங்கிலாந்தின் ரக்பி ஊர்கள் எல்லாம் உழைப்பாளி ஊர்கள். விகன் நிலக்கரியும் பஞ்சாலையும், செயிண்ட் ஹெலன்ஸ் கண்ணாடியும் நிலக்கரியும், விட்னஸ் ரசாயன ஆலை, ஹடர்ஸ்ஃபீல்ட் கம்பளி. சிமெண்டுப் புகையில் வளர்ந்த அரியலூர்க்காரனுக்கு அந்த ஊர்களின் முகம் சொல்லாமலே தெரியும். அங்கே சனிக்கிழமையும் வேலை உண்டு, மேட்சும் சனிக்கிழமைதான். வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற சுரங்கத் தொழிலாளி அரைநாள், ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். ஆட்டம் பார்க்க ஆயிரக்கணக்கில் கூடி டிக்கெட் எடுக்கிறார்கள். ஆடுகிறவன் மட்டும் கைக்காசை விட்டுவிட்டு ஆடுகிறான். இழந்த கூலியை மட்டுமாவது கொடுக்கலாம் என்று 1893இல் லண்டனில் கூடிய ரக்பி சங்கத்தின் பொதுக்குழுவில் வடக்கத்தியர் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 282க்கு 136 என்ற கணக்கில் தோற்றது. பணத்துக்கு ஆடினால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுப்போகுமாம். சொன்னவர்களில் பெரும்பாலோர் சனிக்கிழமை விடுப்பெடுத்தால் சம்பளம் பிடிபடாத கனவான்கள். இந்த நியாயத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்கின் 22 கிளப்புகள் தனிச் சங்கம் கண்டன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கூலி இழப்பீடு என்று வைத்தார்கள். மூன்று ஆண்டில் ஆட்டச் சம்பளத்துக்கும் அனுமதி வந்தது. ஆனால் ஆட்டக்காரருக்கு வேறொரு வேலை இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. கூலி கொடுக்க வசூல் வேண்டும். வசூலுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டம் வர ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும். 1906இல் பதினைந்து பேரைப் பதின்மூன்றாகக் குறைத்ததும், பிடிபட்டவன் எழுந்து பந்தை உருட்டும் முறையைக் கொண்டுவந்ததும் இந்தக் கணக்கில்தான்.

சிட்னியில் கூலிக்குப் பதில் காயம். 1907இல் நியூ சவுத் வேல்ஸ் அணிக்காக ஆடிய அலெக் பர்டன் அடிபட்டுப் படுத்தார். முடிதிருத்தும் தொழிலாளி அவர். கை ஓடாவிட்டால் வருமானம் இல்லை. டிக்கெட் வசூலில் கொழித்த சங்கம் ஒரு காசு இழப்பீடு கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தைப் பேசித் தீர்க்க ஆட்டக்காரர்கள் கூடிய இடம் ஒரு விளையாட்டுப் பொருள் கடை. கடைக்காரர் யார் தெரியுமா? விக்டர் டிரம்பர். ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டின் பழைய பெரும் பேட்ஸ்மேன்களில் ஒருவரான அதே டிரம்பர்தான். அந்த ஆகஸ்டில் பிறந்த புதிய சங்கத்துக்கு அவரே பொருளாளர். 1908இல் சிட்னியில் போட்டி தொடங்கியது. ஆக, உலகின் இரண்டு கோடிகளிலும் ரக்பி லீக் பிறந்தது கூலிக்கான கணக்குத் தகராறில்.

இந்த இரண்டு கோடிகளின் சாம்பியன்களையும் மோதவிடும் யோசனை கைகூட வெகுகாலம் பிடித்தது. 1976இல் சிட்னியில் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப் செயிண்ட் ஹெலன்ஸை 25-2 என்று சாத்தியது. அதோடு பதினோரு ஆண்டு சத்தமில்லை. 1987 அக்டோபர் 7 அன்று விகன் கிளப் சிட்னியின் மேன்லி அணியை வரவழைத்தது. மேன்லி தன் நாட்டில் இறுதி ஆட்டம் வென்று பத்து நாள்தான் ஆகியிருந்தது. அன்றிரவு விகன் மைதானத்தில் 36,895 பேர். எண்பது நிமிடமும் இடித்துக்கொண்டார்கள், நடுநடுவே கைகலப்பும் உண்டு; இரண்டு பக்கமும் ஒரு டிரைகூட விழவில்லை. டேவிட் ஸ்டீபன்சன் உதைத்த நான்கு பெனால்டியில் விகன் 8-2 என்று வென்றது. புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் சப்பென்று இருக்கும். விகன்காரர்களைக் கேட்டால் அதைப் போல் ஓர் ஆட்டம் இல்லை என்பார்கள்.

1994இல் அதே விகன் பிரிஸ்பேனுக்கே போய், 54,220 பேர் முன்னிலையில் பிரிஸ்பேன் பிராங்கோஸை 20-14 என்று வீழ்த்தியது. அதன்பின் ஓர் ஆங்கில அணி ஆஸ்திரேலிய மண்ணில் இந்தப் பட்டத்தை எடுக்க 29 ஆண்டு ஆயிற்று. பையன் போனில் ஓடிய 2023 ஆட்டம்தான் அது.

நடுவில் 1997 கூத்து ஒன்று உண்டு. தொலைக்காட்சி உரிமைக்காக ஊடக முதலாளிகளான முர்டோக்கின் நிறுவனமும் பேக்கரின் தரப்பும் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கை இரண்டாக உடைத்திருந்த சமயம். முர்டோக் தரப்பு 22 கிளப்புகளை வைத்து உலகப் போட்டி என்று பெரிதாக நடத்தியது. ஆங்கில அணிகள் தோல்விமேல் தோல்வி வாங்கின, செலவு கையை மீறியது. இறுதியில் பிரிஸ்பேனிடம் 36-12 என்று தோற்ற ஹண்டர் மரைனர்ஸ் கிளப், அந்தப் பருவத்தோடு மூடப்பட்டது. உலக இறுதி ஆட்டம் ஆடிய கையோடு ஒரு கிளப் இல்லாமலே போனது வேறெங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. 2000 முதல் மறுபடி பழைய ஒற்றை ஆட்டமாகவே வைத்துக்கொண்டார்கள்.

"உலகச் சாம்பியன்னா சும்மாவா?" என்றான் பையன். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆஸ்திரேலியப் பருவம் மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. இந்த ஆட்டமோ பெரும்பாலும் பிப்ரவரியில். ஆஸ்திரேலிய அணி கோடை வெயிலில் பயிற்சியைப் பாதியில் விட்டு, ஒருநாள் முழுக்கப் பறந்து, இங்கிலாந்துக் குளிரில் இறங்கும். 2001இல் போல்டனில் ஆலங்கட்டி விழுந்த இரவில் பிரிஸ்பேன் 18-20 என்று செயிண்ட் ஹெலன்ஸிடம் தோற்றது. பிப்ரவரி வருவதற்குள் பட்டம் வென்ற அணியில் நாலைந்து பேர் வேறு கிளப்புக்குப் போயிருப்பார்கள். பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை ஆஸ்திரேலியச் சாம்பியன். ஆனால் 1991, 2004, 2023, 2024 என்று உலகப் பட்டத்துக்கு ஆடிய நான்கிலும் தோல்வி. விகனும் சிட்னி ரூஸ்டர்ஸும் ஆளுக்கு ஐந்து முறை வென்றிருக்கின்றன. ரூஸ்டர்ஸ் கணக்கில் 1976இன் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் வெற்றியும் சேர்த்தி, இரண்டும் ஒரே கிளப்தான். இதை வைத்து யார் உலகிலேயே பலசாலி என்று தீர்ப்புச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓர் இரவில் யார் நன்றாக ஆடினார்கள் என்பதற்கு மட்டும் அது சாட்சி. பார்க்க அது போதும்.

சாம்பியன் கிளப்புகளை மோதவிடுவது கேட்க இனிக்கும், நடத்துவது கஷ்டம். நமக்கே அனுபவம் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் 2010இல் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவின் வாரியர்ஸை வென்று சாம்பியன்ஸ் லீக் டி20 கோப்பையை எடுத்தது. 2014இல் பெங்களூருவில் கொல்கத்தாவை வென்று மறுபடி எடுத்தது. ரசிகர் ஆதரவு போதவில்லை என்று மறுவருஷமே போட்டியை மூடிவிட்டார்கள். ரக்பி லீக்கிலும் கொரோனாவால் 2021, 2022இல் இந்த ஆட்டம் நடக்கவில்லை. 2025இல் நடந்ததுதான் வேடிக்கை. மார்ச் 1 அன்று இங்கிலாந்துச் சாம்பியன் விகனும் ஆஸ்திரேலியச் சாம்பியன் பென்ரித்தும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், ஒரே மைதானத்தில், ஒரே நாளில் ஆடின. ஒன்றோடு ஒன்று ஆடவில்லை! விகன் வாரிங்டனோடு, பென்ரித் குரோனுல்லாவோடு, அவரவர் உள்நாட்டு லீக் கணக்கில். புதுச் சந்தையில் கடை விரிப்பதற்கே அந்தப் பயணம். உலகப் பட்டம் அந்த ஆண்டு யாருக்கும் இல்லை.

பையன் கடைசியாகக் கேட்டது பட்டத்தைப் பற்றி இல்லை. "அந்த முடிவெட்டுறவருக்கு அப்புறம் காசு கெடச்சிச்சா மாமா?" போன பொங்கலில் பக்கத்து ஊர் மேட்சில் இவன் முட்டி பிசகி இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. நடத்தியவர்கள் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அதோடு சரி. கூலியைக் கேட்க இவனுக்கும் கூச்சம், கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்த பொங்கலுக்குக் கபடி நோட்டீஸ் அடிக்கப்போகிற திருமானூர் வட்டார விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, உபயம் என்று வரிசையாகப் போடுகிற இடத்தில், களத்தில் அடிபடும் ஆட்டக்காரருக்கு வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கான கூலி என்று ஒரு வரியையும் சேருங்கள். நாளுக்கு எவ்வளவு என்று தொகையையும் அதே வரியில் அச்சடித்துவிடுங்கள்.