செம்பனைக்கு இராக்காவல்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி வழியாகப் போர்ட்டிக்சனுக்குப் போகிறவர்கள் வழிநெடுகச் செம்பனையைப் பார்த்திருப்பார்கள். பகாவ், கிம்மாஸ் பக்கம் போனாலும் அதே காட்சிதான். முன்பு பால்மரம் நின்ற மண்ணில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. இப்படிப்பட்ட தோட்டங்களின் உள்சாலை ஓரத்தில், உயரமான கம்பத்தின் உச்சியில் ஒரு பெட்டியைக் காணலாம். முன்பக்கம் ஒரு வாசல், மேலே சாய்ந்த கூரை. புறாக்கூண்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அது கூகை என்னும் ஆந்தைக்காகத் தோட்ட நிர்வாகம் வைத்த வீடு.

செம்பனைத் தோட்டம் மனிதருக்கு மட்டும் வேலையிடம் அல்ல. குலை வெட்டுபவர்களும் உதிரிப்பழம் பொறுக்குபவர்களும் வீடு திரும்பியபின் அங்கே இன்னொரு கூட்டம் இறங்குகிறது. காட்டுப்பன்றி, முசாங் என்று நாம் சொல்லும் மரநாய், புலிப்பூனை, மலைப்பாம்பு எல்லாம் இரவில் நடமாடுகின்றன. அவற்றில் பலவற்றை அங்கே இழுத்து வருவது எலிதான்.

எலிக்குச் செம்பனைத் தோட்டத்தைப் போலச் சுகமான இடம் வேறு கிடையாது. வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கிப் போடுகிறோம். அந்தக் குவியல் எலிக்கு வீடு. தலைக்கு மேலே எண்ணெய் நிறைந்த பழம் ஆண்டு முழுவதும் பழுக்கிறது. அது சோறு. மகரந்தச் சேர்க்கைக்காக 1981இல் கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிறு வண்டின் புழுக்கள் வாடிய ஆண்பூக்களுக்குள் வளர்கின்றன. எலி அவற்றையும் பிய்த்துத் தின்கிறது. கட்டுப்படுத்தாமல் விட்டால் எண்ணெயில் ஐந்து விழுக்காடு வரை எலியால் போகும் என்பது தோட்டத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இரை இவ்வளவு பெருகினால் வேட்டைக்காரன் வராமல் இருப்பானா? தீபகற்ப மலேசியாவில் ஒரு காலத்தில் அரிதாகவே காணப்பட்ட கூகை, 1960களின் இறுதியில் ஜொகூரின் செம்பனைத் தோட்டத்தில் கூடுகட்டக் காணப்பட்டது. பிறகு தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஆனால் ஒரு குறை இருந்தது. கூகை குச்சி பொறுக்கிக் கூடு கட்டும் பறவை அல்ல. மரப்பொந்திலோ கட்டடத்தின் இடுக்கிலோ முட்டையிடும். செம்பனையில் பொந்து ஏது? அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பெட்டி. தோட்டக்காரர்களுக்காக டக்கெட், கருப்பையா ஆகிய இருவர் எழுதிய கூகை வளர்ப்பு வழிகாட்டி 1990இல் வெளிவந்தது. ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது இன்றும் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு.

இருட்டில், மட்டைக்குவியலின் ஓரத்தில் ஓடும் எலியைக் கூகை எப்படிப் பிடிக்கிறது? கண்ணால் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்ற ஆய்வாளர் 1950களின் பிற்பகுதியில், துளி வெளிச்சமும் நுழையாத அறையில் தரையெல்லாம் சருகு பரப்பி, கூகையையும் எலியையும் விட்டுப் பார்த்தார். கூகை பெரும்பாலும் பிடித்துவிட்டது. எலிக்குப் பதிலாக ஒரு காகித உருண்டையைச் சருகின்மேல் இழுத்தபோது அதன் மீதும் பாய்ந்தது. மணமோ உடல் வெப்பமோ அதற்கு வழிகாட்டவில்லை, ஓசைதான் காட்டியது.

கூகையின் முகத்தை நேராகப் பாருங்கள். இதய வடிவில் வெள்ளை இறகுகள் குவிந்து, ஓசையை அள்ளிக் காதுக்குச் செலுத்தும் தட்டாக அமைந்திருக்கின்றன. அந்த இறகுகளுக்குப் பின்னால் இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. இடது காது சற்று மேலே இருந்து கீழ்நோக்கிக் கேட்கிறது. வலது காது சற்றுக் கீழே இருந்து மேல்நோக்கிக் கேட்கிறது. ஓர் ஓசை எந்தக் காதுக்கு முந்தி வருகிறது என்பதை வைத்து இரை இடமா வலமா என்று அறிகிறது. எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது என்பதை வைத்து மேலா கீழா என்று அறிகிறது. 1978இல் நட்சன், கொனிஷி ஆகிய இரு அறிவியலாளர்கள், திசைகளுக்கான ஒரு வரைபடமே கூகையின் நடுமூளையில் நரம்பணுக்களால் அமைந்திருப்பதைக் காட்டினார்கள்.

சிறகும் இந்த வேட்டைக்கு ஏற்றதுதான். முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற இழைகள், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மை, பின்விளிம்பில் குஞ்சம். காற்றின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. எலிக்கும் சத்தம் கேட்பதில்லை. கூகை தன் சிறகின் சத்தத்தால் எலியைத் தவறவிடுவதும் இல்லை.

பிடித்த எலியைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கும். செரிக்காத உரோமமும் எலும்பும் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வெளிவரும். பெட்டிக்கு அடியில் கிடக்கும் அந்தக் கறுத்த உருண்டையைக் கையுறை போட்டு எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரியுங்கள். சாம்பல் நிற உரோமத்துக்குள் தாடை எலும்பு, செம்மஞ்சள் நிற முன்பற்கள், உடையாத மண்டையோடு எல்லாம் இருக்கும். மண்டையோடுகளை எண்ணினால் எலிக்கணக்கு கிடைத்துவிடும். தீபகற்ப மலேசியக் கூகைகளின் இரையை ஆராய்ந்த லெண்டனின் கட்டுரை 1984இல் வெளிவந்தது. இரை ஏறத்தாழ முழுவதும் எலியே என்பதை அது காட்டியது.

இவ்வளவு உழைக்கும் பறவைக்கு நாம் வைக்கும் ஆபத்து எலிவிஷம். முதலில் வந்த வார்ஃபரின் எலிகளுக்குப் பழகிப்போனதும், அதைவிடக் கடுமையான புரோடிஃபாக்கும் போன்ற மருந்துகள் வந்தன. அவற்றைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தளர்ந்து திரியும், சுலபமாக அகப்படும். அதன் ஈரலில் தங்கிய விஷம் கூகைக்குப் போகிறது. அத்தகைய மருந்து வைத்த தோட்டங்களில் கூகைகள் குறைந்ததை டக்கெட் 1984இலேயே எழுதிவிட்டார். பெட்டியையும் வைத்து அதன் அடியில் இந்த மருந்தையும் வைப்பது, காவலுக்கு ஆள் அமர்த்தி அவன் சோற்றில் நஞ்சு கலப்பதற்குச் சமம்.

வீட்டுப் பக்கம் கூகை அலறினால் சாவு விழும் என்ற பயம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த அலறல் பெரும்பாலும் துணையை அழைக்கும் குரல். மனிதச் சாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கல்லெறிந்து விரட்டாதீர்கள். முட்டையிட்டிருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள்; தாய் அடையை விட்டுப் போய்விடலாம். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பெட்டியின் அடியில் புதிய உருண்டை கிடந்தால் மேலாளரிடம் சொல்லுங்கள். அந்தப் பெட்டியில் கூகை குடியிருக்கிறது, அங்கே விஷம் வைக்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.